பாஸ்கா திருவிழிப்பு: தீ மூட்டுவதிலிருந்து தீர்த்தம் தெளிப்பதுவரை

ஆண்டு முழுக்க நடக்கும் திருப்பலிகளில் ஏதாவது பிசகினால் அடுத்த ஞாயிறு சரிசெய்துகொள்ளலாம். இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாட, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனி இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு அந்த வசதி கிடையாது. ஆண்டுக்கு ஒரே இரவு. அன்று செய்யும் சடங்குகளில் பாதி வேறு எந்த நாளிலும் வராதவை. போன ஆண்டு நன்றாகப் பழகிய பீடச் சிறுவன் இந்த ஆண்டு எங்கோ ஒரு கல்லூரி விடுதியில் இருப்பான். அதனால்தான் பல பங்குகளில் ஆண்டுதோறும் அதே காட்சி: காற்றில் அணையும் திரி, இருட்டில் தீப்பெட்டி தேடும் கைகள், முதல் வாசகத்தின் நடுவே தானாக எரியும் எமர்ஜென்சி லைட், "சாம்பிராணி எங்கப்பா?" என்று மைக்கில் விழுந்துவிடும் குரல்.

உரோமைத் திருப்பலி நூலின் ஒழுங்குப்படி ஒரு தமிழ்ப் பங்கில் இந்த இரவை நடத்தத் தேவையான வேலைகளைக் கீழே தருகிறோம். திருவழிபாட்டுக் குழு, கோயில்பிள்ளை, வாசகர்கள், பாடகர் குழு ஆகியோருக்காக எழுதியது.

எத்தனை மணிக்கு?

விதி தெளிவானது: இருள் கவிந்த பிறகே தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.20 முதல் 6.30 வரை. மேற்கே வெளிச்சம் முழுசாக அடங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே மாலை 6.30 மணிக்குத் தொடங்கும் விழிப்பு, விழிப்பே அல்ல. சனி மாலைத் திருப்பலி நேரத்திலேயே இதையும் வைத்துவிடும் பழக்கத்தை 1988 ஜனவரியில் திருவழிபாட்டுப் பேராயம் பாஸ்கா விழாக்கள் பற்றி வெளியிட்ட மடல் கடுமையாகவே கண்டிக்கிறது. இரவு 10.30 அல்லது 11 மணிக்குத் தொடங்கும் தமிழக வழக்கம் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக இந்தச் சடங்கு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, கடைசியில் சனிக்கிழமை காலையிலேயே நடந்துகொண்டிருந்தது. வெயில் உள்ளே விழும் கோயிலில் நின்றுகொண்டு "இதுவே அந்த இரவு" என்று பாடினார்கள். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் முதலில் சோதனையாக இரவு வழிபாட்டை மீட்டார். 1956 முதல் அது எல்லா இடத்துக்கும் விதியானது.

இரவு என்பதன் வேர் இன்னும் பழையது. எகிப்திலிருந்து இஸ்ரயேலர் வெளியேறிய இரவை, ஆண்டவர் விழித்திருந்த இரவு என்றும், தலைமுறைதோறும் மக்கள் விழித்திருக்க வேண்டிய இரவு என்றும் விடுதலைப் பயணம் 12:42 சொல்கிறது. யூதக் குடும்பங்கள் பாஸ்கா உணவுக்கு அமர்வதும் இருட்டிய பிறகுதான்.

மொத்த நேரத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள். தீயும் பவனியும் 25 நிமிடம், பாஸ்கா புகழுரை 10, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஒவ்வொன்றும் பதிலுரைப் பாடலும் மன்றாட்டும் சேர்ந்து 7, வானவர் கீதத்திலிருந்து மறையுரை முடிய 30, திருமுழுக்குப் பகுதி 25, நற்கருணை வழிபாடு 35. ஏழு வாசகமும் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. "ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், எதை வெட்டப் போகிறார் என்று கேளுங்கள்.

இருளைத் தயார் செய்தல்

இருட்டில் வெளியே புதுத் தீ மூட்டி, அதில் ஏற்றிய பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரியோடு கோயிலுக்குள் வருவதில்தான் இந்த இரவு தொடங்குகிறது. தீயைவிட இருட்டுதான் கடினம். தீ மூட்ட ஒருவர் போதும். இருட்டைக் காக்க ஐந்து பேர் வேண்டும்.

கோயிலின் மின்பலகையைத் தெரிந்த ஒருவரை, அவரை மட்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். விளக்குச் சுற்றுகளை மட்டும் அணைக்க வேண்டும். மெயினை இறக்கினால் மைக் போய்விடும். அதைவிட மோசம், மின்சாரம் நின்றதும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்குகள் பளிச்சென்று விழித்துக்கொள்ளும். வெள்ளியன்றே அவற்றைக் கழற்றியோ சுவிட்சை அணைத்தோ வையுங்கள். வெளியே கோபுரத்து ஃபோகஸ் லைட், மாதா கெபி சீரியல் செட், கார் நிறுத்துமிடக் கம்பத்து விளக்கு, பாடல் வரிகள் காட்டும் திரை, கீபோர்டின் நீல வெளிச்சம் என ஒவ்வொன்றையும் முந்தின இரவு இருட்டில் நின்று பார்த்துப் பட்டியலிடுங்கள். பகலில் பார்த்தால் பாதி கண்ணில் படாது.

நிலவைத் தடுக்க முடியாது. முழுநிலவுக்குப் பின் வரும் ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா என்பதால் இரவு 11 மணிக்கு வானத்தில் பெரும்பாலும் நிலவு இருக்கும். அது அந்த இரவுக்கு உரியதுதான்.

கைப்பேசி வெளிச்சத்துக்கு அறிவிப்பு ஒருமுறை போதும், தீ மூட்டும் முன். புகைப்படக்காரருக்குத் தனியாகச் சொல்லுங்கள்: பவனி முடியும்வரை ஃபிளாஷ் கூடாது. வீடியோ லைட் பிடிப்பவர் ஒருவர் பாஸ்காத் திரிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தால், அந்தத் திரியின் சுடர் யார் கண்ணுக்கும் தெரியாது.

பாஸ்காத் திரி

மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், கண்ணில் படும் அளவு பெரிதாக இருக்க வேண்டும், செயற்கையாக இருக்கவே கூடாது. மேலே சொன்ன மடலின் ஐந்து கட்டளைகள் இவை. பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிக்கும் திரியும், போன ஆண்டுத் திரியில் புதிய எண் ஒட்டுவதும் இதனாலேயே அடிபட்டுப் போகின்றன. மூன்றடி உயரமும் மூன்று அங்குல விட்டமும் நடுத்தரமான கோயிலுக்குப் போதும். அதன் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. தூக்கிக்கொண்டு நடப்பவர் வெறும் திரியோடு ஒருமுறை கோயிலின் நீளம் முழுக்க நடந்து பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்த பின் செய்ய வேண்டியவை:

1. திரி முனையைச் சுற்றியுள்ள மெழுகைக் கத்தியால் சுரண்டி, நூல்திரி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி செய்யுங்கள். கடையிலிருந்து வரும் பெரிய திரிகளில் நூல் பெரும்பாலும் மெழுகுக்குள் புதைந்திருக்கும். எரிய மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2. திரியில் பொறித்த சிலுவையின் ஐந்து புள்ளிகளில் துளையிடுங்கள். ஆணியைச் சூடாக்கித்தான் குத்த வேண்டும். பச்சை ஆணியை அடித்தால் திரி நெட்டுவாக்கில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக மெழுகு ஒழுகி மறுவாரமே திரி கோணலாகும்.

3. சாம்பிராணி மணிகளைத் துளையில் வைத்துப் பாருங்கள். மெழுகு ஆணியோடு வரும் தயார் மணிகள் எளிது. வெறும் மணியானால் ஒரு சொட்டு உருக்கிய மெழுகோடு அழுத்த வேண்டியிருக்கும். இருட்டில், காற்றில், எல்லோரும் பார்க்க அது நடக்கிற காரியமில்லை. துளை சற்றே பெரிதாக இருந்தால் தப்பிக்கலாம்.

4. நிறுத்துதண்டில் திரியைப் பொருத்தி அசைத்துப் பாருங்கள். பிறகு கழற்றியும் பாருங்கள், தண்ணீர் மந்திரிக்கும்போது திரி மீண்டும் வெளியே வர வேண்டும். அடியில் காகிதம் செருகி இறுக்கியிருந்தால் அந்த நேரத்தில் நான்கு பேர் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எண்கள் எழுதும் இடத்தில் அடிக்கடி குழப்பம் வருகிறது. சிலுவையின் மேலே அகரம், கீழே னகரம். கிரேக்க எழுத்துகளான ஆல்பாவும் ஒமேகாவும் பொறித்தாலும் இதே இடங்கள்தான். ஆண்டின் முதல் எண் மேல் இடது மூலையில், இரண்டாவது மேல் வலதில், மூன்றாவது கீழ் இடதில், நான்காவது கீழ் வலதில். 2026 என்றால் மேலே 2, 0. கீழே 2, 6. சாம்பிராணி மணிகளின் வரிசையும் குறிக்கப்பட்டிருக்கிறது: முதலில் உச்சி, பிறகு நடு, பிறகு அடி, அடுத்து இடது, கடைசியாக வலது. அவை இயேசுவின் ஐந்து காயங்கள். சொல்லும் செபமும் அதையே ஐந்து துண்டாகச் சொல்கிறது. தட்டில் மணிகளை நீட்டும் சிறுவனுக்கு இந்த வரிசை தெரிந்திருந்தால் குருவின் கை தடுமாறாது.

தீ

குளிர்காய்வதற்கு நாலு சுள்ளி போட்ட மாதிரி இருக்கக் கூடாது. இருளை விரட்டும் அளவுக்குக் கொழுந்துவிட வேண்டும் என்றே திருப்பலி நூல் எதிர்பார்க்கிறது. நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகும், நாரோடு கூடிய தேங்காய்ச் சிரட்டையும் போதும். அடியில் காய்ந்த தென்னம்பாளை. மூட்டுவதற்குச் சூடம் நல்லது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம். தீ திடீரென்று எழும்பிக் குருவின் வெள்ளை அங்கியைத் தேடி வரும், அந்த நாற்றம் தூபக்கலத்தில் ஏறி வானவர் கீதம்வரை போகாது.

ஒரு சிக்கல்: தூபக்கலத்துக்கான கங்கு இந்தத் தீயிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். மூட்டிய ஐந்தாவது நிமிடம் விறகில் கங்கு இருக்காது, சுடர்தான் இருக்கும். சிரட்டைக் கரியை ஒரு சிறு கம்பிக் கூடையில் போட்டு, தீ மூட்டும்போதே அதன் ஓரத்தில் செருகிவிடுங்கள். மந்திரிப்பு முடிவதற்குள் சிவந்திருக்கும். நீளமான இடுக்கி, துணிக் கையுறை, ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் ஆகியவை தீயிலிருந்து நாலடி தள்ளி இருக்கட்டும்.

தீயிலிருந்து திரிக்கு நெருப்பை எடுத்துச் செல்ல மூன்றடிக் கொளுத்துக்கோல் வேண்டும். நீளம் குறைந்த மெழுகுதிரியை நீட்டினால் சூட்டில் அது வளைந்து தலைகுனியும். கடற்கரை ஊர்களில் காற்றுக்கு எதிரே மூன்று பேர் தோளோடு தோள் நின்று மறைக்க வேண்டும்.

இன்னொன்றையும் செய்து வையுங்கள்: ஓர் அரிக்கேன் விளக்கைப் புது நெருப்பிலேயே ஏற்றி, பவனியின் கடைசியில் ஒருவர் துணியால் மூடிக் கொண்டு வரட்டும். பாஸ்காத் திரி வழியில் அணைந்தால் அதிலிருந்து ஏற்றலாம். அப்போதும் அது அதே நெருப்பு. சட்டைப் பையிலிருந்து லைட்டர் எடுத்தால், மந்திரித்த தீக்கு என்ன பொருள்?

மக்கள் எல்லோரும் தீயைச் சுற்றி வர இடமில்லை என்றால் பாதிப் பேராவது வரட்டும். உள்ளேயே இருப்பவர்கள் வாசலை நோக்கித் திரும்பி நிற்கட்டும்.

பவனி

குரு வெள்ளை உடையில் இருப்பார். சிலுவையும் பீடத் திரிகளும் பவனியில் வராது, பழக்கத்தில் சிறுவர்கள் தூக்கிவிடுவார்கள், கவனியுங்கள். தூபக்கலம் முன்னே, பின்னால் பாஸ்காத் திரி, அதற்குப் பின் குரு, பிறகு எரியாத திரிகளோடு மக்கள்.

மூன்று இடங்களில் நின்று திரியை உயர்த்திக் கிறிஸ்துவின் ஒளியைப் பாட வேண்டும். வாசலில் முதல் முறை, அங்கே குருவின் திரி மட்டும் ஏற்றப்படும். கோயிலின் நடுவில் இரண்டாம் முறை, அங்கே மக்களின் திரிகள். பீடத்துக்கு முன் மக்களை நோக்கித் திரும்பி மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றிப் பாடுவது வழக்கம். நடுவில் எட்டுப் பேர் பாஸ்காத் திரியிலிருந்து நேராக ஏற்றிக்கொண்டு இரு பக்க வரிசைகளுக்கும் பிரிந்தால், ஆயிரம் பேர் கோயிலும் மூன்று நிமிடத்தில் ஒளிபெறும்.

கைமாற்றும்போது ஒரே விதி: எரியும் திரி நிமிர்ந்தே இருக்க வேண்டும், எரியாத திரிதான் சாய வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு பக்கத்து ஆளின் பட்டுச்சேலையில் விழும். முன்வரிசைப் பெண்களின் மல்லிகைச் சரமும் சுடிதார் துப்பட்டாவும்தான் அன்றைய ஆபத்து. பின்வரிசையில் நிற்கும் குழந்தையின் கைத்திரி சரியாக அந்த உயரத்தில் இருக்கும். காகிதக் கப்பின் அடியில் துளையிட்டுத் திரியைச் செருகிக் கொடுத்தால் மெழுகும் ஒழுகாது, சுடரும் சற்று மறைவில் இருக்கும். வாசலில் தெர்மோகோல் தோரணம் கட்டியிருந்தால் திரியை உயர்த்தும் இடத்தில் அது தொங்காமல் பாருங்கள்.

மக்களின் திரி இரண்டு முறை எரிய வேண்டும்: இப்போது ஏறக்குறைய 20 நிமிடம், பின்னால் திருமுழுக்கு வாக்குறுதிப் புதுப்பித்தலில் ஐந்தாறு நிமிடம். மொத்தமாக வாங்கும்முன் ஒன்றை ஏற்றி அரைமணி நேரம் தாங்குகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் முறை பாடிய பின் பாஸ்காத் திரியை வாசக மேடை அருகிலோ பீடமுற்றத்தின் நடுவிலோ நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் கோயில் விளக்குகளை ஏற்றச் சொல்கிறது நூல், பீடத் திரிகளை மட்டும் விட்டுவிட்டு. தமிழ்ப் பங்குகள் பலவற்றில் வானவர் கீதம்வரை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரேயடியாக வெளிச்சம் போட்டால் அழகாக இருக்கும் என்று. அழகுதான். ஆனால் அப்போது இருளை வென்றது பாஸ்காத் திரி என்பது மறைந்து, சுவிட்ச் என்றாகிவிடுகிறது. விளக்குகளில் பாதியை இங்கே ஏற்றி மீதியை வானவர் கீதத்துக்கு வைத்தால் வாசகருக்கு எழுத்தும் தெரியும், நூலின் கருத்தும் நிற்கும்.

பாஸ்கா புகழுரை

பாஸ்காத் திரியின் முன் இந்த இரவைப் புகழ்ந்து பாடும் நீண்ட பாடல் இது. குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர் பாட வேண்டியது. அவர் இல்லையென்றால் குரு. அவராலும் முடியாதென்றால் நல்ல குரலுள்ள ஒரு பொதுநிலையினர் பாடலாம். அப்படிப் பாடுபவர், தமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் பகுதியையும் "ஆண்டவர் உங்களோடு" என்ற வாழ்த்தையும் விட்டுவிட வேண்டும். புத்தகத்திலேயே பென்சிலால் அடைப்புக் குறி போட்டுக் கொடுங்கள், அந்த நேரத்தில் நினைவு வராது.

பின்னணியில் கீபோர்டு வேண்டாம். பத்து நிமிடம் ஒரே குரலை மக்கள் கேட்பார்களா என்ற பயம் வீண். சொற்கள் தெளிவாகக் காதில் விழுந்தால் கேட்பார்கள். நீண்ட வடிவத்தை மூச்சு வாங்கிக்கொண்டு பாடுவதைவிடக் குறுகிய வடிவத்தை நிதானமாகப் பாடுவது மேல். பாடகர் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், புனித வாரத்தில் எடுத்துக்கொண்டால் போதாது.

வாசகங்கள்

மக்கள் திரிகளை அணைத்துவிட்டு அமர்கிறார்கள். இந்த இரவின் உடல் இதுதான். எல்லோரும் வெட்ட நினைப்பதும் இதைத்தான்.

மொத்தம் ஒன்பது: பழைய ஏற்பாட்டில் ஏழு, திருமுகம் ஒன்று, நற்செய்தி ஒன்று. தக்க மேய்ப்புப்பணிக் காரணம் இருந்தால் ஏழைக் குறைக்கலாம், ஆனால் திருச்சட்டத்திலிருந்தும் இறைவாக்கினரிடமிருந்தும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். செங்கடலைக் கடக்கும் வாசகத்தை எக்காரணத்துக்காகவும் விடக் கூடாது. நிறைய இடங்களில் மூன்று என்பதே இயல்பு போலாகிவிட்டது. ஐந்து வைத்துப் பாருங்கள், அதிகமாவது 14 நிமிடம்தான்.

வரிசை: தொடக்க நூல் 1:1–2:2 படைப்பு, தொடக்க நூல் 22 ஈசாக்கைப் பலியிடச் செல்லுதல், விடுதலைப் பயணம் 14:15–15:1, எசாயா 54, எசாயா 55, பாரூக்கு 3–4, எசேக்கியேல் 36.

இந்த அடுக்குக்குப் பின்னால் யூதச் செபமரபின் நினைவு இருக்கிறது. விடுதலைப் பயணம் 12:42க்கு அரமேய மொழியில் எழுந்த தார்கூம் விளக்கம் ஒன்றில், கடவுள் வெளிப்பட்ட நான்கு இரவுகள் வரிசையாக வருகின்றன: உலகம் படைக்கப்பட்ட இரவு, ஆபிரகாமுக்குத் தோன்றிய இரவு, எகிப்திலிருந்து மீட்ட இரவு, மெசியா வரும் இரவு. நம் முதல் மூன்று வாசகங்களையும் அடுத்து வரும் நற்செய்தியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றும் யூதத் தொழுகைக்கூடங்களில் பாஸ்கா விழாவின் ஏழாம் நாள் கடலைக் கடந்த பகுதியையே வாசிக்கிறார்கள், கடல் பாடல் வரும்போது சபை எழுந்து நிற்கும். எசேக்கியேல் 36 பாஸ்காவுக்குச் சில வாரங்கள் முன்னால் வரும் ஒரு சிறப்பு ஓய்வுநாளின் வாசகம். நாம் அல்லேலூயாவோடு பாடும் 118ஆம் திருப்பாடல், பாஸ்கா உணவின்போது அவர்கள் பாடும் புகழ்ப்பாடல் தொகுப்பின் கடைசிப் பாடல்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள். படைப்பு வாசகம் நீளம் என்று வேகமாக ஓட்டுவார்கள். அது ஒரு பாட்டு போலக் கட்டப்பட்டது: "கடவுள் அது நல்லது என்று கண்டார்" ஆறு முறை வரும், ஏழாம் முறை "மிகவும்" சேர்ந்து வரும். ஆறையும் ஒரே மாதிரி அமைதியாகச் சொல்லி, ஏழாவதில் மட்டும் குரலைச் சற்று உயர்த்தினால் போதும். "மாலையும் காலையும்" என்று ஒவ்வொரு நாளும் முடியும்போது ஒரு மூச்சு விடுங்கள். ஈசாக்கு வாசகத்தில் நாடகக் குரல் வேண்டாம், அந்தத் தந்தையும் மகனும் பேசும் நான்கு வரியே நெஞ்சைப் பிசையும். கடல் வாசகம், மோசேயும் மக்களும் பாடினார்கள் என்று முடிகிறது. அந்தச் சொல் ஆறுவதற்குள் பாடகர் குழு அந்தப் பாடலைத் தொடங்க வேண்டும். பக்கம் புரட்டும் சத்தமும் சுருதி பிடிக்கும் சத்தமும் கேட்டால் கடல் மூடிக்கொண்டுவிடும்.

பாரூக்கு வாசிப்பவர் வாசக நூலிலிருந்தே வாசிக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா விவிலியத்திலும் அந்த நூல் இருக்காது. கைப்பேசி செயலியைப் பார்த்துப் பழகி வந்தவர் கடைசி நிமிடத்தில் திகைப்பார். கடினமான வாசகமும் அதுதான், அனுபவமுள்ளவருக்குக் கொடுங்கள். எல்லா வாசகங்களையும் அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் பிரித்துக் கொடுக்காமல் பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களுக்கும் கொடுக்கலாம், மூன்று வாரம் முன்பே கொடுத்தால்.

ஒவ்வொரு வாசகத்துக்கும் பின் பதிலுரைப் பாடல், பிறகு எல்லோரும் எழுந்து நின்று குருவோடு மன்றாட்டு, மீண்டும் அமர்தல். ஏழு பாடலையும் ஏழு மெட்டில் புதிதாகப் போட வேண்டியதில்லை. மக்களுக்குத் தெரிந்த இரண்டு மெட்டுகளும் ஒருமுறை பாட்டுக்குப் பதில் மௌனமும் போதும். எசேக்கியேலுக்குப் பின் வரும் பாடல் திருமுழுக்கு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும், வாசக நூலின் குறிப்பை முன்பே பாருங்கள்.

வானவர் கீதம், அல்லேலூயா

கடைசிப் பழைய ஏற்பாட்டு மன்றாட்டு முடிந்ததும் பீடத் திரிகள் ஏற்றப்படும், குரு வானவர் கீதத்தைத் தொடங்குவார், பெரிய வியாழனுக்குப் பின் மௌனமாக இருந்த மணிகள் ஒலிக்கும். கோபுரத்து மணி அடிப்பவருக்கு உள்ளே நடப்பது கேட்காது. வாசலில் ஒருவர் டார்ச் காட்டட்டும். மணி பாட்டு முடியும்வரை அடிக்க வேண்டியதில்லை, முதல் அடி பாடி முடிந்ததும் நின்றால் பாட்டும் கேட்கும்.

திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கப்பிக்கயிற்றில் மேலே எழும்புவது, பட்டாசு, புகை எந்திரம் ஆகியவை பல ஊர்களில் இந்த இடத்தில்தான் வருகின்றன. நூலில் இவை எதுவும் இல்லை. கயிறு சிக்கிப் பாதியில் சுரூபம் நின்றால் கோயிலே சிரித்துவிடும். அதைவிடப் பெரிய குறை, கல்லறை வெறுமையாய் இருந்த செய்தியை நற்செய்தி இனிமேல்தான் சொல்லப்போகிறது என்பது. முன்கூட்டியே காட்சி காட்டிவிட்டால் அந்த வாசகம் பழைய செய்தியாகிவிடும். சுரூபம் வேண்டுமென்றால் பூக்களோடு ஓரமாகத் தயாராக இருக்கட்டும், துணியை எடுத்தால் போதும்.

அடுத்து சபை மன்றாட்டு, பிறகு திருமுக வாசகமான உரோமையர் 6:3-11. அடுத்து எல்லோரும் எழ, தவக்காலம் முழுக்கப் பாடாத அல்லேலூயாவைக் குரு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்திப் பாடுகிறார். முதல் முறை ஒரு கட்டையில் தொடங்கினால் மூன்றாவது மூன்று கட்டைக்கு வந்து நிற்கும், சாதாரண ஆண் குரலுக்கு அது வசதி. உற்சாகத்தில் மூன்று கட்டையில் தொடங்கியவர்கள் கடைசியில் கத்த வேண்டியிருக்கும். குருவால் முடியாவிட்டால் பாடகர் தொடங்கலாம். நற்செய்திக்குத் தூபம் மட்டும், திரிகள் வராது. நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறும்: அ ஆண்டில் மத்தேயு 28:1-10, ஆ ஆண்டில் மாற்கு 16:1-7, இ ஆண்டில் லூக்கா 24:1-12. மறையுரை சுருக்கமாக இருக்கலாம், விடப்படக் கூடாது.

தண்ணீர்

திருமுழுக்குப் பெறுவோர் இருந்தால், அல்லது தொட்டி நீர் மந்திரிக்கப்படுவதாக இருந்தால், புனிதர் மன்றாட்டு மாலை பாடப்படும். பாஸ்கா காலம் என்பதால் நின்றுகொண்டே பாட வேண்டும். பழக்கத்தில் முழந்தாளிடுவார்கள், முன்பே சொல்லுங்கள். பங்குப் பாதுகாவலர் பெயரையும் திருமுழுக்குப் பெறுவோரின் பெயர்ப் புனிதர்களையும் சேர்க்கலாம். திருமுழுக்கும் தொட்டி நீர் மந்திரிப்பும் இல்லையென்றால் மாலை கிடையாது, தெளிப்பதற்கான நீரை மட்டும் குரு மந்திரிப்பார்.

மந்திரிப்பு செபத்தின்போது குரு பாஸ்காத் திரியின் அடிப்பகுதியை ஒருமுறையோ மூன்று முறையோ நீரில் இறக்கலாம். அகன்ற பித்தளை அண்டா இதற்குப் பொருந்தும், 20 லிட்டர் போதும். நீல பிளாஸ்டிக் டிரம்மை வெள்ளைத் துணியால் சுற்றினாலும் அது டிரம்தான். விளிம்புவரை நிரப்பினால் திரி இறங்கும்போது வழிந்து மைக் வயரை நனைக்கும், ஒரு சாண் குறைவாக விடுங்கள். மூன்றரைக் கிலோ திரி, மேலே குழிந்து நிற்கும் உருகிய மெழுகு. சாய்த்தால் குருவின் கையில் கொட்டும். இறக்கும்முன் உதவியாளர் ஒருவர் உருகிய மெழுகைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடட்டும், சுடரைத் தொடாமல்.

வயதுவந்தோர் திருமுழுக்குப் பெற்றால், அதே குரு அங்கேயே உறுதிப்பூசுதலும் தருவார். எண்ணெய்ச் சிமிழ்கள், துடைக்கப் பஞ்சு, எலுமிச்சைத் துண்டு, வெள்ளை ஆடை, அவர்களுக்கான திரிகள் எல்லாம் ஒரே மேசையில் இருக்கட்டும். பிறகு எல்லோரும் மீண்டும் திரி ஏற்றி வாக்குறுதிகளைப் புதுப்பிப்பார்கள். விசுவாச அறிக்கை இன்று தனியாகக் கிடையாது. தீர்த்தம் தெளிக்கச் சிறிய தெளிப்பானைவிட இலைக்கொத்து நல்லது. கடைசி வரிசைக்கும் ஒரு துளி விழ வேண்டும், குரு நடந்தே போகட்டும்.

நற்கருணை வழிபாடு

இங்கிருந்து தெரிந்த பாதைதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நற்கருணைப் பேழை வியாழன் முதல் வெறுமையாக இருக்கிறது. வழக்கம்போல் "உள்ளே இருக்கும்" என்று நினைத்து ஐந்நூறு அப்பம் வைத்தால் பாதிப் பேருக்குப் போதாது. தலை எண்ணி, கூடவே காலைத் திருப்பலிக்கு மிஞ்சுவதையும் சேர்த்து வையுங்கள். அனுப்புதல் வார்த்தைக்குப் பின் இரட்டை அல்லேலூயா வரும், எட்டாம் நாள்வரை அப்படியே. இரவு வழிபாட்டில் நற்கருணை பெற்றவர்கள் பகல் திருப்பலியிலும் பெறலாம், ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதைக் கேட்பார்கள்.

மறுநாளும் பிறகும்

தீயின் சாம்பலில் அடிக்கங்கு விடியும்வரை உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுப் படுக்கப் போங்கள். தரையிலுள்ள மெழுகைச் சுரண்டாதீர்கள், மொசைக்கில் கீறல் விழும். பழைய செய்தித்தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். புதிய தீர்த்தத்துக்கு மக்கள் பாட்டில்களோடு வருவார்கள், குழாய் வைத்த ஒரு பாத்திரத்தை வாசலருகே வைத்துவிட்டால் அண்டாவுக்குள் யாரும் கைவிட மாட்டார்கள்.

பாஸ்காத் திரி தூய ஆவியின் வருகைப் பெருவிழாவான பெந்தக்கோஸ்துவரை அதே இடத்தில் நின்று, முக்கிய வழிபாடுகளில் எரியும். அதன் பிறகு திருமுழுக்குத் தொட்டி அருகே போய்விடும். அந்த ஆண்டு முழுக்க, குழந்தையின் திருமுழுக்குத் திரி அதிலிருந்து ஏற்றப்படும், இறந்தவரின் பெட்டி கோயிலுக்கு வரும்போது அருகில் அது எரியும். போன ஆண்டுத் திரியின் மிச்சத்தைத் திருவுடை அறையான சக்ரீஸ்து மூலையில் நிறுத்தி வைக்காதீர்கள். உருக்கிவிடலாம், அடுத்த ஆண்டு மணிகளை ஒட்டவும் மெழுகு தேவைப்படும்.